சாம்பல் சிமெண்ட்டில் தளம் போடலாமா?

போன மாதம் சிமெண்ட் மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்று இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: மூட்டைக்குள் இருக்கும் சாம்பல். 34 வருடம் மதுரையில் ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். இந்தச் சாம்பல்மேல் விழும் பழியைக் கேட்டு மனம் பொறுக்காமல் போன நாட்கள் நிறைய. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

ராஜபாளையத்தில் ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டுகிறோம். லிண்டல் மட்டம் வரை வந்துவிட்டது. கடைக்காரர் பி.பி.சி. சிமெண்ட் தருகிறார். மேஸ்திரியோ, "இது சாம்பல் கலந்தது, பூச்சுக்குத்தான் ஆகும். தளத்துக்கு 53 கிரேடு வாங்குங்க, இல்லேன்னா நான் பொறுப்பில்லை" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது அம்மா?
– எஸ்.மு., ராஜபாளையம்

சாம்பல் இருக்கிறது என்று உங்கள் மேஸ்திரி சொல்வது சரி. அதைக் கலப்படம் என்று அவர் நினைப்பதுதான் தப்பு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து எரிக்கிறார்கள். புகையோடு மேலே போகும் நுண்ணிய சாம்பலைப் பிடித்து, சிமெண்ட் ஆலையில் கிளிங்கரோடும் (சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டெடுக்கும் கட்டி) ஜிப்சத்தோடும் சேர்த்துத் தருவதுதான் பி.பி.சி., அதாவது போர்ட்லண்ட் போசோலானா சிமெண்ட். நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல் இருக்கலாம் என்று ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரவிதியே அனுமதிக்கிறது. யாரும் மறைத்துச் சேர்ப்பதில்லை.

சேர்ப்பதால் என்ன லாபம்? சிமெண்ட் தண்ணீரோடு கூடும்போது முக்கியமாக இரண்டு பொருள் உண்டாகும். ஒன்று, மணலையும் ஜல்லியையும் பிடித்து நிறுத்தும் பசை. இன்னொன்று சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பால் பலம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஒழுகும் பழைய வீடுகளில் தளத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்து, சில இடத்தில் சின்ன விழுதுபோலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டுக்குள் சும்மா கிடந்த சுண்ணாம்பை மழைத்தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து விட்ட அடையாளம் அது. சாம்பலில் உள்ள சிலிக்கா இந்தச் சுண்ணாம்பைப் பிடித்து அதையும் பசையாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அடைபடுகின்றன, தண்ணீர் உள்ளே இறங்குவது குறைகிறது. சாம்பலின் துகள் உருண்டையாக இருப்பதால் கலவையும் வழுக்கிக்கொண்டு போகும். கொத்தனார் கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது.

ஆனால் இது பொறுமையாக நடக்கிற வேலை. தரவிதிப்படி, சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட்டான 53 கிரேடு மூன்றாம் நாளில் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 27 நியூட்டன் தாங்க வேண்டும். பி.பி.சி.க்கு 16 போதும். 28ஆம் நாளில் முதலாவதற்கு 53, இரண்டாவதற்கு 33. இந்த 33ஐப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். இது சிமெண்ட்டை அதற்கென்ற மணலோடு கலந்து சோதிக்கும் கணக்கு, அதிலும் கீழ்வரம்பு. கடைக்கு வரும் நல்ல பி.பி.சி. அதைத் தாண்டித்தான் நிற்கும். வீட்டுத் தளத்துக்கு இன்ஜினியர் கேட்பது எம்20 அல்லது எம்25 கான்கிரீட், அதாவது 28ஆம் நாளில் 20 அல்லது 25. பி.பி.சி.யில் அதைத் தாராளமாக எட்டலாம்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1998ல் ஒரு ஒப்பந்தக்காரர் ஒன்பது க்யூப்களோடு, அதாவது சோதனைக்கென்று வார்த்த கனசதுரக் கட்டிகளோடு, எங்கள் கூடத்துக்கு வந்தார். எம்20 கான்கிரீட், பி.பி.சி. போட்டது. ஏழாம் நாள் மூன்றை மிஷினில் வைத்தோம். சராசரியாக 29 டன்னில் உடைந்தன. கணக்குப் போட்டால் 12.5 நியூட்டன். அவர் முகம் கறுத்துவிட்டது. "சிமெண்ட்டே போலி, எழுதிக் கொடுங்கம்மா, கம்பெனிக்காரனை விடமாட்டேன்" என்று நின்றார். மீதியை 28ஆம் நாள் பார்ப்போம் என்று அனுப்பி வைத்தேன். 28ஆம் நாள் மூன்றை உடைத்தோம்: 23 வந்தது. அவருக்கு நிம்மதி, போய்விட்டார். கடைசி மூன்றைத் தொட்டியிலேயே விடச் சொல்லிவிட்டு, 90ஆம் நாள் நானே எடுத்து வைத்தேன். முள் 60 டன்னைத் தாண்டியும் க்யூபில் கீறல் இல்லை. 69 டன்னில் படாரென்று ஒரு சத்தம், பக்கத்து அறையிலிருந்து பையன்கள் ஓடி வந்தார்கள். 30 நியூட்டன்! தண்ணீரில் கிடந்த அந்த இரண்டு மாதமும் சாம்பல் உள்ளே வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

மேஸ்திரியோடு சண்டை போடாதீர்கள். அவர் எங்கோ ஒரு தளம் தொய்ந்ததைப் பார்த்திருப்பார், பயத்தில் காரணம் இருக்கும். "பி.பி.சி.தான் வாங்குகிறோம் அண்ணே, தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுகளைப் பிரிக்க அவசரப்பட மாட்டோம், தண்ணீர் விடுவது எங்கள் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான மேஸ்திரிகள் ஒப்புக்கொள்வார்கள்.

*

தளம் போட்டு ஆறு நாள் ஆகிறது. சென்ட்ரிங்காரர் வாடகை ஏறுகிறது, நாளைக்கே பிரிக்கிறேன் என்கிறார். பி.பி.சி. சிமெண்ட். பிரிக்கலாமா?
– கே.ஜெ., திருமங்கலம்

வேண்டாம் தம்பி. சாதா சிமெண்ட்டுக்கே 4.5 மீட்டர் வரையிலான அகலத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள் என்று கான்கிரீட் வேலைக்கான தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. வேறு சிமெண்ட் என்றால் அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. சின்ன அறைக்கு 14 நாள், பெரிய ஹாலுக்கு 21 நாள் என்பது நான் கடைப்பிடித்த கணக்கு. ஒரு வார வாடகை கூடும். கூடட்டும்.

தண்ணீர் விடுவதுதான் இதைவிட முக்கியம். கலப்பு சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். தூண்தான் பாவம், அதை யாரும் கவனிப்பதில்லை. என் தங்கை வீட்டிலேயே இது நடந்தது. காலையில் ஒரு தரம் ஹோஸில் அடித்துவிட்டுப் போவார்கள், பத்து மணிக்குள் தூண் வெளுத்துக் காய்ந்துவிடும். இருபது நாள் கழித்து நான் போனபோது தூணின் மூலையை நகத்தால் கீறினேன், மாவாக உதிர்ந்தது. சாம்பல் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் அது வெறும் தூள். நான்கு பக்கமும் சாக்கைச் சுற்றிக் கட்டி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

*

லாரியில் ஃப்ளை ஆஷ் மலிவாகக் கிடைக்கிறது. 53 கிரேடு சிமெண்ட் வாங்கி, சைட்டிலேயே சாம்பலைக் கலந்துகொண்டால் காசு மிச்சமாகுமே?
– ஆர்.பி., ஓட்டப்பிடாரம்

வீடு கட்டுகிறவர் இதைச் செய்யவே கூடாது. ரெடிமிக்ஸ் ஆலையில் எடை பார்த்து, ஒவ்வொரு லோடையும் சோதித்துக் கலப்பது வேறு. மண்வெட்டியால் அள்ளிப் போட்டு மிக்சரில் சுற்றுவது வேறு. லாரியில் வருவது தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்டு அள்ளிய சாம்பலா, உலர்வாகவே பிடித்த சாம்பலா என்பதே உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தின் தரையைப் பார்க்கப் போனேன். தரை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. சரியாக எரியாத கரி, கான்கிரீட்டைத் தட்டிச் சமப்படுத்தும்போது மேலே மிதந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. விளக்குமாறு பட்டாலே புழுதி கிளம்பியது. எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாகிவிட்டது. ஆலையில் அரைத்து வரும் பி.பி.சி.யை வாங்குங்கள்.

*

நான் எண்ணூர்ப் பக்கம் மீனவக் குடும்பம். எங்கள் ஆற்றில் சாம்பல் படிந்து, எறால் பிடித்த இடத்தில் சேறு கிடக்கிறது. வீட்டுக்குள் சாம்பல், துணியில் சாம்பல், குழந்தைக்கு இருமல். அந்தச் சாம்பலைத்தான் நீங்கள் நல்லது, நல்லது என்று எழுதுகிறீர்கள். படிக்க வேதனையாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜையில் வைத்திருந்தேன் அம்மா. நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் கொசஸ்தலை ஆற்றின் கரையில் நான் நின்றிருக்கிறேன். இறங்கியபோது முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சாம்பல்நிறச் சேறு. கையில் எடுத்துத் தேய்த்தேன். முகப்பவுடர்போல அவ்வளவு மெல்லியது, விரல்ரேகைக்குள் புகுந்துகொண்டது. ராத்திரி ஊருக்கு வந்து சோப்புப் போட்ட பிறகும் நகக்கண்ணில் இருந்தது. அதில் ஆர்சனிக், பாதரசம் போன்ற உலோகங்கள் சிறிய அளவில் உண்டு. கான்கிரீட்டுக்குள் இறுகிவிட்டால் அவை பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். ஆற்றிலும் மூச்சிலும் கலந்தால் அப்படி அடங்கிக் கிடக்காது.

சிமெண்ட் மூட்டைக்குள் இருக்கும் சாம்பல், உங்கள் ஆற்றில் கிடக்கும் சாம்பல் இரண்டும் ஒரே மாதிரி உலையிலிருந்து வந்ததுதான், ஆனால் எந்த வழியாக வருகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சேருகிறது. புகைப்போக்கிக்கு முன்னால் மின்புலம் வைத்துப் பிடிக்கிற உலர்ந்த நுண்சாம்பலை அப்படியே மூடிய டேங்கர் லாரியில் ஏற்றிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பலாம். அப்படி எடுக்காமல், உலையின் அடியில் விழும் கரடுமுரடான சாம்பலையும் சேர்த்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டால் அது சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்தால் ஆற்றுக்குப் போகிறது. ஒருமுறை நனைந்து, கலந்து, குளத்தில் படிந்த சாம்பலைப் பள்ளம் நிரப்பவும் சாலைக்கும் செங்கல்லுக்கும் எடுக்கலாமே தவிர, சிமெண்ட்டுக்கு அப்படியே எடுக்க முடியாது. உங்கள் ஆற்றில் கிடப்பது வீணடிக்கப்பட்ட சாம்பல்.

சாம்பலைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முதலில் அறிவிக்கை போட்டது 1999ல். 2021 டிசம்பர் 31ஆம் தேதி அறிவிக்கை, உண்டாகும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தச் சொல்கிறது, தவறினால் அபராதமும் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் சட்டம் இருந்தும் உங்கள் வாசலில் சாம்பல் விழுகிறது என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ராஜபாளையத்தில் ஒருவர் பி.பி.சி. மூட்டை வாங்குவதால் உங்கள் ஆறு சுத்தமாகிவிடும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கொட்டியதை அள்ள வேண்டும், ஆற்றை ஆழப்படுத்த வேண்டும், அதற்கான பணம் கொட்டியவர்களிடமிருந்து வர வேண்டும். இனி வருவதை உலர்வாகவே பிடித்து வெளியே அனுப்ப வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

*

கல்லூரியில் சிவில் படிக்கிறேன். சாம்பல் சேர்த்தால் புவி சூடாவது குறையும் என்கிறார்கள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு குறையும்?
– ந.தா., திருச்சி

கணக்குப் போட்டே பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஒரு டன்னுக்கு 440 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், மிஞ்சுவது 560 கிலோ. எரிபொருளை எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் இது போயே தீரும், கல்லுக்குள்ளேயே இருப்பது அது. இதோடு 1450 டிகிரி வரை சூடேற்றும் எரிபொருளின் புகையையும் சேர்த்தால், ஒரு கிலோ கிளிங்கருக்கு ஏறத்தாழ 850 கிராம் வாயு. 50 கிலோ மூட்டையில் 30 சதவீதம் சாம்பல் என்றால் 15 கிலோ கிளிங்கர் மிச்சம், அதாவது 12 கிலோவுக்குச் சற்று மேல் வாயு குறைகிறது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை வைத்துக்கொண்டால் 5 டன். உலகில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்ட்டிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

*

ராமேஸ்வரத்தில் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பத்து வருடத்தில் பக்கத்து வீட்டுத் தளமெல்லாம் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்து விழுகிறது. எந்த சிமெண்ட் நல்லது?
– அ.செ., ராமேஸ்வரம்

உங்களுக்கு ஸ்லாக் சிமெண்ட், அதாவது பி.எஸ்.சி. இரும்பு ஆலையின் ஊது உலையில் உருகிய இரும்புக்கு மேலே கசடு மிதக்கும். அதைத் தானாக ஆறவிட்டால் கல்லாகிவிடும், சிமெண்ட்டுக்கு ஆகாது. தண்ணீரைப் பீய்ச்சி ஒரே வீச்சில் குளிரவைத்தால் கண்ணாடிபோல மணல்மணலாக உடையும். அதை மாவாக அரைத்துச் சேர்ப்பார்கள். ஐ.எஸ். 455 படி 25 முதல் 70 சதவீதம் வரை. உப்பு கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் தொடுவதை இது நன்றாகத் தாமதப்படுத்தும். கிடைக்காவிட்டால் பி.பி.சி.யும் கடற்கரைக்குச் சாதா சிமெண்ட்டைவிட நல்லதுதான்.

ஸ்லாக் கான்கிரீட்டைப் புதிதாக உடைத்தால் உள்ளே நீலப்பச்சை நிறம் தெரியும். முதல்முறை பார்த்தபோது எங்கள் கூடத்தில் ஒரு பையன் பாசி பிடித்துவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனான். காற்றுப் பட்டால் அந்த நிறம் தானாகப் போய்விடும். கெடுதல் ஒன்றுமில்லை.

சிமெண்ட்டை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கடல்காற்று நேராக அடிக்கும் இடத்துக்கு எம்30க்குக் குறையாத கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், என்பது ஐ.எஸ். 456 கணக்கு. சென்ட்ரிங் பலகையில் கம்பியை வைக்கும்போது, அதைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அதற்குப் பதில் ஜல்லிக்கல்லை முட்டுக்கொடுத்தால் அது நழுவிவிடும். உப்புத் தண்ணீரில் கலவை போடவோ நனைக்கவோ கூடாது. இவ்வளவும் செய்துவிட்டு நான்கே நாளில் தண்ணீரை நிறுத்தினால் ஸ்லாக்கும் கைவிட்டுவிடும். இந்த வகை கான்கிரீட் நனையாமல் காய்ந்தால் மேல்தோல் சாதா கான்கிரீட்டைவிட சீக்கிரம் வலுவிழக்கும்.

*

எங்கள் தாத்தாவின் அப்பா முல்லைப் பெரியாறு அணை வேலைக்குப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சிமெண்ட் ஏது? சுண்ணாம்பும் சுர்க்கியும்தானே. இப்போதைய சாம்பலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– வெ.ரா., கம்பம்

உண்டு ஐயா, நெருங்கிய சொந்தம். 1887ல் தொடங்கி 1895ல் பென்னிகுவிக் முடித்த அந்த அணையின் காரை, சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள், செங்கல் பொடி. அதில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்பைப் பிடித்துத் தண்ணீருக்கடியிலும் இறுகும் பசையாக மாற்றுகின்றன. சாம்பல் செய்வதும் இதே வேலைதான். ரோமானியர்கள் இதற்கு எரிமலைச் சாம்பலைப் போட்டார்கள். அது கிடைத்த பொசுவோலி ஊரின் பெயர்தான் போசோலானா என்று மாறி இன்று நம் மூட்டைமேல் அச்சாகிறது.

என் அப்பா விருதுநகரில் கொத்தனார். சின்னப் பையனாக இருந்தபோது காளை இழுக்கும் செக்கில் காரை அரைத்ததைச் சொல்வார். அரைத்த காரையை எடுத்துச் சுவரில் அடித்துப் பார்ப்பார்களாம், ஒட்டி நின்றால்தான் அன்றைக்கு வேலை தொடங்கும்.

இப்போது அந்தச் சுட்ட களிமண் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அனல்மின் நிலையங்கள் என்றைக்கும் இருக்கப்போவதில்லை என்பதால், சாம்பலுக்கு மாற்றாக எல்.சி.3 என்று ஒரு சிமெண்ட்டைச் சென்னை ஐ.ஐ.டி., டெல்லி ஐ.ஐ.டி. உட்பட பல இடங்களில் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பாதி கிளிங்கர், 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு அரைத்த சுண்ணாம்புக்கல், 5 பங்கு ஜிப்சம். களிமண்ணை 700, 800 டிகிரியில் சுட்டால் போதும், மண்ணிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் நீராவி. ஐ.எஸ். 18189 என்று 2023ல் தரவிதியும் வந்துவிட்டது. இதைப் படித்த அன்று அப்பா இல்லையே என்று இருந்தது.

*

அரிசி ஆலை வைத்திருக்கிறோம். பாய்லரில் உமி எரித்த சாம்பல் மலைபோலக் கிடக்கிறது. சிமெண்ட்டுக்கு ஆகுமா?
– ஜி.கே., காங்கேயம்

ஆகலாம். உமிச் சாம்பலில் சிலிக்கா நிறைய. ஆனால் அதிகச் சூட்டில் எரிந்தால், சுமார் 700 டிகிரியைத் தாண்டினால், சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும். சரியாக எரியாவிட்டால் கரி மிஞ்சிக் கறுப்பாக இருக்கும். பாய்லர் சாம்பலில் இரண்டு குறையும் சேர்ந்தே வருவதுண்டு, அரைத்துத்தான் பயன்படுத்தவும் முடியும். குவியலில் நான்கைந்து இடத்திலிருந்து எடுத்து, இரண்டு கிலோ கலந்து, பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் கான்கிரீட் கூடத்தில் கொடுங்கள். எரித்துப் பார்த்து மிஞ்சிய கரியை முதலில் அளக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.